மகள் எழுதிவைத்த பொறியாளர்: சர் ஆர்தர் காட்டனின் பணியும் ஓய்வும்

காவிரிப் படுகைக்கும் கோதாவரிப் படுகைக்கும் இன்றைய உருவத்தைத் தந்தவர்களுள் முதன்மையானவரான சர் ஆர்தர் காட்டன், 1803ஆம் ஆண்டு மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் படைக் கல்லூரியில் பயின்று, சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1821இல் பதினெட்டு வயதில் சென்னை வந்து, 1860இல் பணி ஓய்வு பெற்றார். அதன்பின் 1899 ஜூலையில் தம் 96ஆம் வயதில் மறையும்வரை அவர் ஓய்வு பெற்றவராக வாழ்ந்த காலமும், இந்தியாவில் பணியாற்றிய காலத்தைப் போலவே, ஏறத்தாழ 39 ஆண்டுகள். பாடநூல்களும் நீர்ப்பாசன வரலாறுகளும் முதல் 39 ஆண்டுகளை விரிவாகச் சொல்லிவிட்டு, இரண்டாவது 39 ஆண்டுகளை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. இது பெரும் குறை. ஓய்வுக்காலத்தில்தான் அவர் தாம் கட்டியவற்றின் பொருளைப் பொதுமக்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் எடுத்துச் சொன்னார்; இன்று அவரைப் பற்றி அறியப்பட்டவற்றுள் பெரும்பகுதியைத் தொகுத்துக் காத்ததும் அக்காலத்தில் அவரோடு வாழ்ந்த குடும்பமேயாகும்.

அவரைப் பற்றிய முதன்மையான நூல், அவருடைய மகள் எலிசபெத் எழுதி, தந்தை மறைந்த மறு ஆண்டான 1900இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு ஆகும். திருமணத்தால் லேடி ஹோப் என்று அழைக்கப்பட்ட அவர், தந்தையின் கடிதங்கள், அறிக்கைகள், சொற்பொழிவுகள், வீட்டுப் பேச்சு, நண்பர்களின் நினைவுகள் ஆகியவற்றை ஒன்றாக அடுக்கி அந்நூலை உருவாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிள்ளைகள் பெற்றோரின் வரலாற்றை எழுதுவது பரவலான வழக்கம். அத்தகைய நூல்களில் பக்தி மிகுந்து, மறுபக்கம் மெலிந்திருப்பதும் வழக்கமே. ஆயினும் அரசு ஆவணங்களில் எண்களாகவும் மதிப்பீடுகளாகவும் மட்டும் தென்படும் ஒரு பொறியாளர், எதைக் கண்டு கலங்கினார், எதற்காக முதுமையிலும் வாதாடினார் என்பதை அறிய அந்நூலுக்கு இணையான வேறு வாயில் இல்லை.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை காட்டனின் பணி காவிரியில் தொடங்குகிறது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் அமைந்த திட்டே திருவரங்கத் தீவு. தீவின் கிழக்கு முனையில் இரு கிளைகளும் மறுபடியும் நெருங்கி வருகின்றன. அவ்விடத்தில் காவிரியின் நீர் தாழ்வான கொள்ளிடத்துக்குள் சரிந்து வீணாகிவிடாதபடி தடுத்து நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டதே, கரிகாலன் பெயரோடு மரபு இணைத்துச் சொல்லும் கல்லணை. கல்லணை கீழ்முனையைக் காத்ததே தவிர, மேல்முனையில் நீர் பிரியும் அளவை அதனால் கட்டுப்படுத்த இயலவில்லை. கொள்ளிடம் கடலை நோக்கி நேராகவும் சரிவாகவும் செல்லும் ஆறு. காவிரியோ சரிவு குறைந்து, பல கிளைகளாகப் பிரிந்து, வயல்களுக்குள் நுழைந்து செல்வது. சரிவு மிகுந்த கிளை வேகமாக ஓடித் தன் படுகையை மேலும் அரித்து ஆழப்படுத்திக்கொள்ளும், சரிவு குறைந்த கிளையில் மணல் படிந்து மேடு தட்டும் என்பது ஆற்றியலின் அடிப்படை விதி. இவ்விதிப்படி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடம் பெருகிக் காவிரி சுருங்கிக்கொண்டே வந்தது. தஞ்சைப் படுகையின் வயல்கள் படிப்படியாக நீர் இழந்தன.

இதற்கு உழவர்களும் அதிகாரிகளும் செய்துவந்த மாற்று, கொரம்பு போடுவது. கொரம்பு என்பது தழை, மரக்கிளை, வைக்கோல், மணல் ஆகியவற்றைக் கொண்டு ஆற்றின் குறுக்கே எழுப்பப்படும் தற்காலிக அணை. ஒரு வெள்ளம் வந்தால் அது அடித்துச் செல்லப்படும், அடுத்த பருவத்தில் மீண்டும் போடவேண்டும். 1799இல் தஞ்சை நாடு கம்பெனியின் ஆட்சிக்குள் வந்த பின்னரும் நிலை மாறவில்லை. 1804 அளவில் கால்டுவெல் என்னும் படைப்பொறியாளர் கல்லணையை உயர்த்திச் சீர்செய்தார். எனினும் நோயின் வேர் முக்கொம்பில் இருந்ததால், கல்லணையில் செய்த வேலை அதைத் தீர்க்கவில்லை.

1820களின் இறுதியில் காவிரிப் பணிக்கு வந்த காட்டன், கொள்ளிடத்தின் தலைப்பிலேயே நிலையான ஓர் அணைக்கட்டை எழுப்பவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இங்கு அணைக்கட்டு என்பது, மேட்டூரைப் போல நீரைத் தேக்கிவைக்கும் உயரமான அணையன்று. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டப்படும் சுவர். அது நீர்மட்டத்தைச் சில அடிகள் மட்டும் உயர்த்தி, சிறு நீர் வரும்போது அதைக் காவிரிப் பக்கம் திருப்பிவிட்டு, பெருவெள்ளம் வரும்போது தன்மீது வழிந்து கொள்ளிடத்தில் விழவிடும். வெள்ளத்தை எதிர்த்து நிற்பதைவிட வெள்ளத்துக்கு வழிவிட்டு நிற்பதே அதன் தன்மை. கருத்து எளிதாயினும் கட்டுவது எளிதன்று. ஏனெனில் முக்கொம்பில் பாறை இல்லை, தோண்டத் தோண்ட மணலே வரும். மணலின் மீது கட்டிய சுவரின் அடியில் நீர் ஊறிப் புகுந்து மணலை அரித்துச் சென்றால் சுவர் தானே சரிந்துவிடும் என்பதால், ஐரோப்பியப் பொறியாளர்கள் பாறை கிட்டாத ஆற்றில் அணை கட்ட அஞ்சிய காலம் அது.

அந்த அச்சத்தைக் காட்டனுக்குப் போக்கியது கல்லணை. பல நூற்றாண்டுகளாக மணல்மீதே நின்று வெள்ளம் தாங்கிய அதன் அமைப்பை ஆராய்ந்த அவர், பாறையைத் தேடாமல், பெருங்கற்களை மணலில் இட்டு, அவை தம் எடையால் அமிழ்ந்து நிலைகொண்ட பின் மேலும் கல் இட்டு உயர்த்திக்கொண்டே செல்வதுதான் பண்டைத் தமிழ்ப் பொறியாளர்களின் நுட்பம் என்று உணர்ந்தார். தளர்ந்த மணலில் அடித்தளம் அமைக்கும் கலையைத் தமக்குக் கற்றுத் தந்தவர்கள் அவர்களே என்று பிற்காலச் சொற்பொழிவுகளில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவர்களை இகழ்ந்து பேசிய தம் நாட்டாரை அவர் கண்டிக்கவும் செய்தார். ஆட்சியாளர் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்பட்ட மக்களின் பழைய கட்டுமானத்தின் முன் மாணவராக நின்றதை ஒப்புக்கொள்வது அக்காலத்தில் அரிது. காட்டனை மதிக்க இந்த ஒன்றே போதுமான காரணம்.

கல்லணையின் பாடத்தோடு, தென்னிந்தியாவில் ஏற்கெனவே வழங்கிவந்த மற்றொரு தொழில்நுட்பத்தையும் அவர் இணைத்துக்கொண்டார். அது கிணறு இறக்குதல். செங்கல்லால் வட்டமான உறையொன்றை மணலின் மேற்பரப்பில் கட்டி, உள்ளே ஓர் ஆள் இறங்கி அடியிலுள்ள மணலை வாரி மேலே அனுப்ப, உறை தன் எடையாலேயே மெல்லக் கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே இன்னும் சில வரிசைகள் செங்கல் வைத்துக் கட்டப்படும். தேவையான ஆழம் வந்ததும் உறைக்குள் கல்லும் சுண்ணாம்புக் கலவையும் இட்டு நிரப்பினால், மணலுக்குள் ஒரு கெட்டியான தூண் கிடைத்துவிடும். இத்தகைய கிணறுகளை வரிசையாக இறக்கி, அவற்றின்மீது சுவரை எழுப்பி, சுவரின் கீழ்ப்புறத்தில் வழிந்து விழும் நீர் குழிபறிக்காதபடி பெருங்கற்களைப் பரப்பிவிடுவதே, மேலணை என்று பெயர்பெற்ற அந்த அணைக்கட்டின் அமைப்பு. பரப்பிய கற்கள் அரிப்பினால் அமிழ்ந்தால் அடுத்த கோடையில் புதிய கற்கள் இடப்படும்; சில ஆண்டுகளில் அமிழ்வது நின்று, அடித்தளம் தானே இறுகிவிடும். மேட்டூர் அணை வருவதற்கு (அது 1934இல் முடிந்தது) ஏறத்தாழ நூறாண்டு முற்பட்ட காலம் ஆதலால், மேற்கு மலைகளில் மழை தொடங்கி ஆற்றில் புதுவெள்ளம் வருமுன், வற்றிய கோடை மாதங்களுக்குள் இவ்வேலைகள் அனைத்தும் நடந்தாகவேண்டும் என்ற நெருக்கடியும் இருந்தது. 1836இல் மேலணை முடிந்தது. இடையிலுள்ள திட்டுகளால் பகுக்கப்பட்ட அதன் பகுதிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 750 கஜம். அதே காலத்தில், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் இன்று அணைக்கரை என்று வழங்கும் இடத்தில் கீழணையும் கட்டப்பட்டது; அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் சிதம்பரம் வட்டார வயல்களுக்கும் நீர் செல்கிறது.

இதை ஒரு குறையுமற்ற வெற்றியாகச் சொல்வது உண்மைக்கு ஒவ்வாது. மேலணை எழும்பிய சில ஆண்டுகளுக்குள், முன்பு வறண்ட காவிரிக்குள் அளவுக்கு மீறிய நீர் பாய்ந்து, அதன் படுகை அரிக்கப்பட்டுக் கரைகளுக்கு ஆபத்து வந்தது. எனவே மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், 1845 அளவில் காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு தாழ்ந்த தளச்சுவரைக் கட்டவும் பின்வந்தோர்க்கு நேர்ந்தது. இரு கிளைகளையும் கட்டுக்குள் வைத்தால்தான் சமநிலை நிலைக்கும் என்பது ஆறு கற்பித்த பாடம். ஆற்றில் செய்யப்படும் எந்த வேலையும் ஒருமுறையோடு முடிவதில்லை என்பதைக் காட்டன் நன்கு அறிந்திருந்தார். பின்னாளில் கோதாவரியில் அவர் வகுத்த திட்டத்தில் மணற்போக்கிகளுக்கு, அதாவது அணையின் மேற்புறத்தில் சேரும் மணலை அடித்துச் செல்லத் திறக்கப்படும் தாழ்ந்த மதகுகளுக்கு, இடம் தரப்பட்டிருப்பதை இத்தொடர்பில் காணவேண்டும்.

அவருடைய உடல்நிலை பலமுறை சீர்குலைந்தது. 1824இல் தொடங்கிய முதல் பர்மியப் போரில் பணியாற்றியவர். தென்னிந்தியக் காய்ச்சல்களால் நலிந்து 1830இல் ஒருமுறை தாயகம் சென்று திரும்பியவர். 1837இல், சென்னையின் சாலைகளுக்குச் செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவர அமைக்கப்பட்டதும் இந்தியாவின் முதல் இருப்புப்பாதையாக எண்ணப்படுவதுமான சிறு தடத்தில் அவருக்குப் பங்குண்டு. அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் நோய்வாய்ப்பட்டு, தட்பமான காற்றை நாடி டாஸ்மேனியா சென்ற அவர், 1841இல் அங்கு குடியேறியிருந்த குடும்பமொன்றைச் சேர்ந்த எலிசபெத் லியர்மந்த் என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு, தாயின் பெயரையே தாங்கி, பின்னாளில் வரலாற்றாசிரியராக வரவிருந்த மகள் அங்கேயே பிறந்தாள். நாற்பது வயதை நெருங்கிய பின் அமைந்த இல்லறம் அது. அதன்பின் கோதாவரி வேலையின் கடுமையான ஆண்டுகளிலும், ஓய்வின் நீண்ட காலத்திலும் அவருக்குப் பிடிமானமாக இருந்தது அவ்வில்லறமே.

கோதாவரிப் பணி பலரும் அறிந்தது என்பதால் இங்குச் சுருக்கமாகவே சொல்லலாம். 1830களின் தொடக்கத்தில் குண்டூர்ப் பகுதியை அழித்த பஞ்சத்தால் கடலோர ஆந்திர மாவட்டங்கள் மக்களை இழந்து, விளைநிலம் தரிசாகிக் கிடந்தன; அதே நேரத்தில் ஆண்டுதோறும் பெருவெள்ளம் அம்மாவட்டங்களின் நடுவே ஓடிக் கடலில் கலந்தது. இந்த முரண்பாடே 1844இல் காட்டன் அளித்த அறிக்கையின் மையம். 1847இல் தவளேஸ்வரத்தில் தொடங்கிய வேலை 1852இல் முடிந்தது. நான்கு கிளைகளாகப் பிரிந்து கிடந்த ஆற்றின் குறுக்கே, கட்டுமானப் பகுதி மட்டுமே மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அணைக்கட்டு அது. இவ்வேலையில் அவருக்கு வலக்கரமாக விளங்கிய வீணம் வீரண்ணா என்னும் தெலுங்கரின் பெயர், காட்டனின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படவேண்டியது. ஆயிரக்கணக்கான தொழிலாளரைத் திரட்டி, அவர்களைக் கலையாமல் காத்தது வீரண்ணாவின் திறமை என்பதைக் காட்டனே போற்றியிருக்கிறார். காவிரியில் மணலை வாரி உறைகளை இறக்கியவர்களுக்கு அத்தகைய பெயர்ப்பதிவு கிடைக்காமல் போனது வருந்தத்தக்கது. மேலணையைக் கட்டிய உண்மையான கைகள் அவர்களுடையவை.

1860இல் ஓய்வு பெற்று, 1861இல் வீரத்திருத்தகை என்று தமிழில் வழங்கும் நைட் பட்டம் பெற்ற காட்டன், அத்துடன் அமைந்துவிடவில்லை. முதலில் அவர் ஈடுபட்டது கங்கைக் கால்வாய் பற்றிய வாதம். 1854இல் திறக்கப்பட்ட அக்கால்வாயை வடிவமைத்த சர் புரோபி காட்லியும் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் வாழ்ந்தவரே. கால்வாயின் சரிவு மிகுதியாக இருப்பதால் நீரின் வேகம் தரையை அரிக்கிறது, தலைப்பு அமைந்த இடமும் தவறு என்று காட்டன் எழுத, காட்லி மறுத்து எழுத, 1860களின் நடுவில் சிறுநூல்களாகவே அப்போர் நடந்தது. சரிவைப் பற்றிய குறையைப் பின்னர் அரசு நடத்திய ஆய்வு பெரிதும் ஒப்புக்கொண்டது; தலைப்பை இடம் மாற்றவேண்டும் என்ற கருத்தை அது ஏற்கவில்லை. பாதி சரியாகவும் பாதி மிகையாகவும் இருப்பது காட்டனின் வாதங்களில் பலமுறை காணப்படும் இயல்பாகும்.

அவருடைய பெரும் வாதம் இருப்புப்பாதைக்கும் நீர்வழிக்கும் இடையிலானது. இந்தியாவின் ஆறுகளை ஒன்றோடொன்று இணைக்கும் கால்வாய்களை வெட்டினால், அவை வயலுக்கு நீரும் தரும், படகுகளில் சரக்கும் ஏற்றிச்செல்லும், பஞ்சத்தின்போது தானியத்தை விளைவிக்கவும் கொண்டுசேர்க்கவும் ஒருசேர உதவும். இருப்புப்பாதையோ விளைந்ததை இடம்மாற்றுமே தவிர எதையும் விளைவிக்காது என்பது அவர் கட்சி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரை மாய்த்த பெரும்பஞ்சத்தில், இரயில் நிலையங்களுக்கு அருகிலேயே மக்கள் பட்டினியால் மாண்டனர் என்ற உண்மை அவர் வாதத்துக்கு வலுவூட்டியது; அதே பஞ்சத்தில் கோதாவரி, கிருஷ்ணா, காவிரிப் படுகைகள் நெல்லை ஏற்றுமதி செய்யும் நிலையில் இருந்தன என்பதும் அவர் கையிலிருந்த மறுக்கவியலாச் சான்று. ஜான் பிரைட் போன்ற நாடாளுமன்றவாதிகளும், இந்தியப் பொதுநலத்தில் ஆழ்ந்த அக்கறை கொண்டிருந்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவரை ஆதரித்தனர்; அம்மையாருக்கும் அவருக்கும் நீர்ப்பாசனம் பற்றிக் கடிதப் போக்குவரத்தும் இருந்தது.

1878இல் இந்தியப் பொதுப்பணிகளை ஆராய அமைந்த நாடாளுமன்றத் தேர்வுக்குழுவின் முன் 75 வயதுக் காட்டன் சாட்சியம் அளித்தார். குழு அவருடைய பெருங்கணக்குகளை ஏற்கவில்லை. துங்கபத்திரை ஆற்றிலிருந்து கர்நூல், கடப்பை வழியாக வெட்டப்பட்ட கால்வாய், தனியார் நிறுவனமொன்றின் முதலீட்டில் அவருடைய கருத்தைப் பின்பற்றித் தொடங்கப்பட்டு, எதிர்பார்த்த வருவாயில் சிறுபகுதியைக்கூடத் தராமல் முடங்கி, 1882இல் அரசால் விலைக்கு வாங்கப்பட்டது அவருக்கு எதிரான வலிய சான்றாயிற்று. படுகையில் வெற்றி பெற்ற முறை மேட்டுநிலத்தில் அதே அளவில் பலிக்காது என்பதற்கு அவர் போதிய இடம் தரவில்லை. இதை மகளின் நூல் தொட்டும் தொடாமலும் கடந்துசெல்கிறது. ஆனால் குழுவின் தீர்ப்பையே இறுதித் தீர்ப்பாகக் கொள்வதும் பிழை. பொதுப்பணி ஒவ்வொன்றும் உடனடி வட்டி ஈட்டவேண்டும் என்ற அளவுகோலால் அக்குழு அளந்தது. பஞ்சத்தில் பிழைத்த உயிர்களை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது என்று காட்டன் எழுப்பிய கேள்விக்கு அங்கு விடை கிடைக்கவில்லை.

இவ்வாதங்களுக்கு நடுவே குடும்பம் சர்ரே மாவட்டத்தின் டார்க்கிங் என்னும் சிற்றூரில் நிலைகொண்டது. அவ்வூரில் காட்டன் வாழ்ந்த வாழ்க்கையில் இரண்டு செய்திகள் தனியாகக் கருதத்தக்கவை. முதலாவது, ஆழ உழவு பற்றிய சோதனை. வழக்கமான கலப்பை சில அங்குல ஆழத்தையே கிளறுவதால், அதன் கீழுள்ள மண் இறுகி, வேரும் நீரும் காற்றும் புகமுடியாத தளமாகிவிடுகிறது என்று கருதிய அவர், தம் தோட்டத்தின் சிறு பாத்திகளில் மண்ணை மிக ஆழமாக வெட்டிப் புரட்டி, கோதுமையை இடைவெளி விட்டு ஊன்றி, விளைச்சலை அளந்து குறித்துவந்தார். எண்பது வயதைக் கடந்த பின்னும் இச்சோதனை நிற்கவில்லை. சாதாரண வயலைவிடப் பன்மடங்கு விளைச்சல் கிடைத்ததாக அவர் வெளியிட்ட கணக்கை, சிறு பாத்தியின் அளவை ஏக்கருக்குப் பெருக்கிக் காட்டியது என்ற எச்சரிக்கையோடுதான் படிக்கவேண்டும்; தோட்டக்காரரின் முழுக் கவனிப்பு கிடைக்கும் பாத்தியும், மழையையும் கூலியையும் நம்பியிருக்கும் வயலும் ஒன்றல்ல. எனினும் அச்சோதனையின் நோக்கம் தெளிவானது. ஆற்றுநீர் எட்டாத புன்செய்க்காரனுக்கு என்ன வழி என்பதே, வாழ்நாள் முழுதும் நீரைப் பற்றி எண்ணிய பொறியாளரின் எஞ்சிய கேள்வி. பெய்த மழையை மண்ணுக்குள்ளேயே சேமித்துவைப்பது அவர் கண்ட விடை. உழவை ஆழப்படுத்துவதன் நன்மை தீமைகளை இன்றைய வேளாண் அறிவியல் மண்ணுக்கு மண் வேறுபடுத்திப் பார்க்கிறது; ஆனால் நீரைப் பெய்த இடத்திலேயே நிறுத்தவேண்டும் என்னும் கொள்கை மானாவாரி வேளாண்மையின் அடிப்படையாகிவிட்டது.

இரண்டாவது, மகளின் பணியில் தந்தை கொண்ட பங்கு. எலிசபெத், மது அருந்தும் பழக்கத்தால் சீரழியும் தொழிலாளரை மீட்கும் நோக்கத்தோடு, டார்க்கிங்கில் 1870களில் ஒரு காப்பிக் கூடத்தைத் திறந்தார். மதுக்கடையில் கிடைக்கும் கதகதப்பும் பேச்சுத்துணையும் மதுவின்றியே கிடைக்கும் இடமாக அது விளங்கியது. அந்த அனுபவத்தை அவர் நூலாக எழுதியபோது முன்னுரை வழங்கியவர் தந்தையே. படைத்தலைவர் தரத்தில் இருந்த ஒருவர், திருமணமாகாத தம் மகள் கூலித் தொழிலாளர்களுக்கிடையே மாலைப் பொழுதுகளைச் செலவிடுவதைத் தடுக்காமல், அதைத் தம் பெயரிட்டு ஆதரித்தது, அக்கால உயர்குடி வழக்கத்தில் இயல்பாக நிகழக்கூடியதன்று. இருவரையும் இணைத்தது ஆழ்ந்த கிறித்தவ நற்செய்திப் பற்று. தந்தையின் அணைக்கட்டும் மகளின் காப்பிக் கூடமும் அவர்கள் மனத்தில் ஒரே கடமையின் இரு உருவங்களாகவே இருந்தன. குடும்பப் பற்று என்பது பிள்ளைகளைத் தம் பணிக்குள் இழுத்துக்கொள்வது மட்டுமன்று, அவர்களுடைய பணிக்குள் தாம் நுழைந்து துணைநிற்பதும்தான் என்பதற்குக் காட்டனின் முன்னுரை சான்றாகிறது.

அத்தகைய மகளின் எழுத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. லேடி ஹோப்பின் பெயர் இன்று உலகில் பரவலாக அறியப்படுவது தந்தையின் வரலாற்றால் அன்று. சார்லஸ் டார்வின் தம் இறுதிக்காலத்தில் விவிலியம் படித்து மனம் மாறினார் என்று 1915இல் அவர் பெயரால் வெளிவந்த செய்தியால். டார்வினின் பிள்ளைகள் அதை உறுதியாக மறுத்தனர். வரலாற்றாசிரியர்களும் அதை ஏற்பதில்லை. எனவே, காட்டனின் பேச்சாக அவர் தரும் சொற்களையும், பக்திச் சாயல் ஏறிய காட்சிகளையும் அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. ஆனால் அந்நூலில் அவர் முழுமையாகவும் பகுதியாகவும் அச்சிட்ட அறிக்கைகளையும் கடிதங்களையும், 1856இல் காவிரி, கிருஷ்ணா, கோதாவரிப் பணிகளைப் பற்றிப் பெயர்ட் ஸ்மித் வெளியிட்ட தொழில்நுட்ப நூலோடும் சென்னை அரசின் ஆவணங்களோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வழியுண்டு. மகளின் நூலை ஒதுக்கிவைக்க இது காரணமாகாது. ஆய்வாளர் அதைத் தனியாகப் படிக்கலாகாது என்பதற்கே காரணமாகும்.

நினைவுகூரல் இரு படுகைகளிலும் ஒரே அளவில் இல்லை. தவளேஸ்வரத்தின் பழைய அணைக்கட்டுக்கு மாற்றாக 1970களில் தொடங்கி 1982இல் முடிந்த புதிய தடுப்பணைக்குக் காட்டனின் பெயரே சூட்டப்பட்டது. அங்கு அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. கோதாவரி மாவட்டங்களின் ஊர்தோறும் சிலைகள் நிற்க, மே 15இல் மாலை அணிவிக்கப்படுகிறது. நீர்க்கடன் செய்வோர் சிலர் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதாகவும் பலர் எழுதியிருக்கின்றனர். அவர் முதலில் பயின்று, முதலில் கட்டி, முதலில் திருத்தம் கற்ற காவிரிக் கரையில் அந்த அளவு நெருக்கம் உருவாகவில்லை. கரிகாலனின் கல்லணை அருகிலிருக்கும்போது மற்றவை ஒளி மங்குவது இயல்பே. காட்டனும் அதைக் குறையாக எண்ணியிருக்கமாட்டார். ஆனால் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது கதவுகள் வெள்ளத்தில் சரிந்தபோது, 182 ஆண்டுப் பழமையான காட்டனின் கட்டுமானம் இடிந்தது என்று செய்திகள் பரவியது திருத்தப்படவேண்டியது. 1836இல் அவர் கட்டியது நீர் தன்மீது வழிந்தோடும் தாழ்ந்த சுவர். ஆற்றின் குறுக்கே தூண்களுக்கிடையில் வரிசையாக நின்ற பெரிய கதவுகள் பின்னாளில் அதன்மேல் சேர்க்கப்பட்டவை. எந்தக் காலத்துக் கட்டுமானம் எந்தக் காரணத்தால் தளர்ந்தது என்று பிரித்தறிய, ஆற்றுமணல் அகழ்வு, படுகையின் தாழ்வு, பராமரிப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்; பழமையின் மீது மட்டும் பழி போடுவது பொறியியல் ஆகாது.

மகளின் நூல் வெளிவந்த 1900ஆம் ஆண்டு, மேற்கிந்தியாவும் நடு இந்தியாவும் மற்றொரு கொடும்பஞ்சத்தில் சிக்கியிருந்த ஆண்டாகும். அந்நூலின் பிற்பகுதியில் பஞ்சத் தடுப்பு பற்றிய ஆய்வுகளை எழுதிச் சேர்த்தவர் வில்லியம் டிக்பி. சென்னையில் நாளிதழ் ஆசிரியராக இருந்து, 1877இல் பஞ்ச நிவாரண நிதியின் செயலாளராகப் பணியாற்றி, அப்பஞ்சத்தின் வரலாற்றை இரு தொகுதிகளில் எழுதியவர் அவர். தந்தையின் குணநலன்களை மட்டும் தொகுத்து ஒரு நினைவு மலராக வெளியிட்டிருந்தால் குடும்பக் கடமை நிறைவேறியிருக்கும். லேடி ஹோப் அதோடு நில்லாமல், 1878இல் தேர்வுக்குழு தள்ளிவிட்ட வாதத்தைப் புதிய பஞ்சத்தின் எண்களோடு மறுபடியும் ஆங்கில வாசகர்முன் வைத்தார். காட்டன் மறைந்த மறு ஆண்டிலேயே அவருடைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது.